மண்டலக் கூடைப்பந்து லீக்கும் அதன் ஏணித் துணைக்குழுவும்

மண்டலக் கூடைப்பந்து லீக்கின் தலைவர் ஒரு கூடையை முதன்முதலாக அண்ணாந்து பார்த்தது, அவர் தலைவராகி இரண்டாவது வருஷத்தில். அதுவும் அவராக ஆசைப்பட்டுப் பார்க்கவில்லை. துவக்க விழாவில் ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்த நேரம், அரங்கத்தின் தகரக் கூரைக்குள் ஒரு புறா படபடவென்று இறக்கையை அடித்துக்கொண்டது. தலைவர் நிமிர்ந்தார். புறா போய்விட்டது. கூடை அங்கேயே இருந்தது.

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் செயலாளரைக் கிட்டே கூப்பிட்டார்.

"என்னய்யா இது, வலைக்கு அடியே இல்ல?"

செயலாளர் இதற்கு முன் மூன்று தலைவர்களுக்குத் தலையாட்டியவர். கழுத்து அந்த வேலைக்கென்றே பழகியிருந்தது. "ஆமாங்க தலைவரே, கிழிஞ்சு போச்சு," என்றார்.

"அந்தப் பக்கம் இருக்கிறது?"

"அதுவும் கிழிஞ்சிருக்குங்க. ரெண்டும் ஒரே மாதிரி கிழிஞ்சிருக்கு. யாரோ வேணும்னே செஞ்ச வேலை."

தலைவருக்குக் கை கொடுப்பதற்காக வரிசையில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த பெண்களில் முதல் ஆளுக்கு இது காதில் விழுந்தது. அவள் பேசாமல் இருந்திருக்கலாம். "சார், அது கிழியல. அப்படித்தான் இருக்கும். பந்து கீழ விழணுமில்ல?" என்று சொல்லிவிட்டாள்.

தலைவர் அவளைக் கனிவோடு பார்த்தார். மைக் கையில் இருக்கும்போது அவர் யாரையுமே கனிவோடுதான் பார்ப்பார்.

"அப்படித்தான் இருக்கும், அப்படித்தான் இருக்கும்னு சொல்லிச் சொல்லியே நாம ஓட்டையோட வாழப் பழகிட்டோம்! நம்ம பிள்ளைங்க வேர்வை சிந்தி, எம்பிக் குதிச்சு, பந்தை மேல கொண்டுபோய்ச் சேர்க்குறாங்க. சேர்த்த அடுத்த நொடியே அது கீழ ஒழுகிப் போயிடுது. இத்தனை வருஷமா யாராவது கேட்டாங்களா? நான் கேக்குறேன்! என் காலத்துல ஒரு பந்துகூட வீணாப் போகாது!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. முன்வரிசையில் இருந்த நிர்வாகிகள் தலைவரின் கழுகுப் பார்வையை வியந்து ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். மறுநாளே இரண்டு வலைகளுக்கும் அடியில் இழுத்துக் கட்டி, நைலான் நூலால் நெருக்கமாகத் தைத்துவிட்டார்கள்.

வாய் திறந்தவளை அந்த லீக்கில் எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய நாத்தனாரும் அதே அணியில் ஆடினாள். அவள் "அண்ணி, இங்க போடுங்க! அண்ணி, விடாதீங்க!" என்று கோர்ட் முழுக்கக் கத்தியதில் மற்றவர்களுக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. எதிரணிக்காரிகளும் அண்ணி என்றார்கள். தப்பாட்டத்துக்கு விசில் ஊதும் நடுவர்கூட ஒருமுறை "அண்ணி, கை பட்டிடுச்சு" என்றார்.

அண்ணிக்கு டவுன் பஸ் ஓட்டுகிற வேலை. பள்ளிக்கூடத்தில் ஆடிய ஆட்டம், கல்யாணம், பிரசவம், லைசென்ஸ் என்று நடுவில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. லீக்கில் பெண்கள் பிரிவு தொடங்குகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, பல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் நாத்தனாரை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். விடிவதற்கு முன் பயிற்சி, அப்புறம் முதல் ட்ரிப். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கையில் பந்து பட்டதும் அவளுக்குள் என்னவோ செய்தது. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிற அவள் கணவன், "மேட்ச் இருக்கிற நாள்லதான் நீ வீட்டுல யாரையும் திட்டுறதில்ல. தினமும் மேட்ச் வெக்கச் சொல்லு," என்பான்.

லீக் இருந்த லட்சணத்தில் தினமும் மேட்ச் வைத்தால் ஊர் தாங்காது.

அடி தைத்த வலையோடு முதல் ஆட்டம் நடந்தது. அண்ணிதான் முதல் கூடையைப் போட்டாள். பந்து வளையத்துக்குள் போனது. போன இடத்திலேயே, கொசுவலைக்குள் தூங்குகிற குழந்தையைப் போல நிம்மதியாகத் தொங்கியது. பத்துப் பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். நடுவர் வாயில் வைத்த விசிலை ஊதுவதா எடுப்பதா என்று தெரியாமல் நின்றார். கடைசியில் விளக்கு மாட்டுகிற எலக்ட்ரீஷியனின் ஏணியைத் தேடிக் கொண்டுவந்து பந்தை எடுத்தார்கள். அடுத்த கூடைக்கு மறுபடியும் ஏணி.

இது நின்றுவிடும் என்று அண்ணி நினைத்தாள். பஸ்ஸில் ஒரு ஸ்க்ரூ மாறியிருந்தால் டிப்போவில் சொன்னதும் மாற்றிவிடுவார்கள். அதே கணக்கில் இதையும் நினைத்துவிட்டாள். லீக்கோ ஏணித் துணைக்குழு என்று ஒன்றை அமைத்தது. தலைவரின் தங்கை கணவர் அதற்குத் தலைவர். ஏணி தூக்க நான்கு பேர், அவர்களுக்கு நீலக் கோட்டு, மார்பில் பட்டை. ஏணி கோர்ட்டுக்குள் வரும்போது வீராங்கனைகள் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். ஏணி வெளியே போன பிறகும், துணைக்குழுத் தலைவர் கையை உயர்த்தும்வரை ஆட்டம் தொடங்கக் கூடாது. அவர் போனில் பேசிக்கொண்டிருந்தால் கை உயராது.

ஆண்கள் ஆட்டமும் இதே சீரழிவுதான். அவர்களில் கொக்கு என்று பட்டப்பெயர் கொண்ட ஒரு கூரியர்காரன் இருந்தான். துள்ளினால் வளையத்துக்கு மேலே முழங்கை போகும். ஒருநாள் அவன் பந்தை வளையத்துக்குள் குத்திய வேகத்தில் தையல் லேசாக விட்டுப்போக, "லீக்கின் முன்னேற்றத்துக்கு ஊறு விளைவித்தான்" என்று இரண்டு ஆட்டம் உட்கார வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்த அணியும் ஆர்வமாகக் கூடை போடவில்லை. கூடை போட்டால் ஏணி வரும். பார்க்க வந்த கொஞ்சநஞ்சம் பேரும், கடைசியில் வேறு வழியில்லாமல், ஏணி நேராக நிற்கும்போது கைதட்டப் பழகிக்கொண்டார்கள். "பாத்தியா? கூட்டத்துக்குப் பிடிச்சுப் போச்சு," என்றார் துணைக்குழுத் தலைவர்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அண்ணி, ஒரு ஆட்டத்தில் ஏணிக்காகக் காத்திருக்காமல் ஓடிவந்து எம்பி, வலைக்கு அடியில் ஒரு குத்து விட்டாள். பந்து மேலே துள்ளி வளையத்துக்கு வெளியே வந்து விழுந்தது. அரங்கமே விசிலடித்தது. ஏணி தூக்குகிறவர்களில் ஒருவரும் விசிலடித்தார்; பிற்பாடு அவருடைய கோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்று கேள்வி.

மறுநாள் செயலாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். லீக் அலுவலகம் ஒரு சானிட்டரி கடைக்கு மேல்மாடியில் இருந்தது. தலைவருக்குத்தான் கடை. படியெல்லாம் சாம்பிள் டைல்ஸ், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். செயலாளரின் மேசைக்குப் பின்னால் சுவரில், தலைவர் ரிப்பன் வெட்டும் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. எல்லாவற்றிலும் ரிப்பன் நன்றாகத் தெரிந்தது. அண்ணி டிரைவர் யூனிஃபார்மோடு நின்றாள். உட்காரச் சொல்ல ஒரு நாற்காலி இருந்தது; சொல்லத்தான் ஆள் இல்லை.

"ஏம்மா, துணைக்குழுன்னு ஒண்ணு இருக்கும்போது நீயே கையை விட்டுப் பந்தை எடுத்தா என்ன அர்த்தம்?"

"ஆட்டம் நிக்குது சார். நாங்க ஆடத்தானே வர்றோம்?"

"இங்கதான் நீ தப்புப் பண்ற," என்று செயலாளர் பேனாவை மூடி வைத்தார். "ஆடுறது மேல ஆசை இருக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. தெருவுலகூட ஆடுறாங்க. அதுக்கு ஒரு லீக் எதுக்கு? லீக்னா ஒரு அமைப்பு. கூட்டம் போடணும், குழு போடணும், விழா எடுக்கணும். நடுவுல நேரம் கிடைச்சா நீங்களும் ஆடிக்கலாம். யாரு வேண்டாங்கிறா?"

அண்ணிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "நம்ம லீக் அரைத் தொழில்முறைன்னு போர்டுல போட்டிருக்கே சார், அப்படின்னா என்ன?"

செயலாளர் முகம் மலர்ந்தது. அவருக்குத் தெரிந்த ஒன்றை யாரோ கேட்டுவிட்டார்கள். "ரொம்ப சுலபம்மா. ஆம்பளைங்க தொழில்முறை. பொம்பளைங்க அரை."

படியிறங்கி வந்த அண்ணி அன்று பஸ்ஸை ஒரு நிறுத்தத்தில் நிறுத்த மறந்து போய், ஒரு பெரியவரிடம் திட்டு வாங்கினாள். செயலாளர் சொன்னதை நாத்தனாரிடம் சொன்னபோது, "நீங்க ஏன் அண்ணி அவருகிட்டல்லாம் அர்த்தம் கேக்கப் போறீங்க? பல்லே இல்லாதவங்க வாயில நான் பல்லு தேடுற மாதிரி," என்றாள் அவள்.

இத்தனை ஏணிகளையும் தாண்டி, அண்ணி தலைவியாக இருந்த அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரணிக்குத் தலைவி, மருந்துக்கடை என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு குள்ளமான பெண். உண்மையிலேயே மருந்துக்கடை வைத்திருந்தாள். பந்தைத் தட்டிக்கொண்டு அவள் புகுந்து வந்தால் யாருக்கும் பிடி கிடைக்காது. அண்ணிக்கு அவளை அவ்வளவு பிடிக்கும். ஒரு பருவம் முழுக்க அவளோடு மோதத்தான் காத்திருந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

இறுதி நாளன்று அரங்கம் நிறைந்திருந்தது. பெண்கள் ஆட்டம் மதியம், ஆண்கள் ஆட்டம் மாலை. சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்ததும் தலைவர் பேசினார்.

"பெண்களுக்கு முன்னுரிமை தரணும்னு நான் சும்மா வாய்ப்பேச்சு பேசுறவன் இல்ல. அதனாலதான் அவங்க ஆட்டத்தை முன்னாடியே, யாருமே வராத நேரத்துல வெச்சேன். இன்னிக்கு நீங்க எல்லாரும் தவறா சீக்கிரம் வந்துட்டீங்க. பரவாயில்ல, மன்னிச்சுக்கறோம். பெண்கள் வீட்டுக்குக் கண்கள். கண்ணு ஓடலாமா, குதிக்கலாமா? இருந்தாலும் நாங்க தடுக்கல. அதுதான் எங்க பெருந்தன்மை!"

துணைக்குழுத் தலைவர் ஏணியின் வரலாற்றைப் பேசினார். பொருளாளர், முன்னால் பேசிய இரண்டு பேரும் எவ்வளவு நன்றாகப் பேசினார்கள் என்று பேசினார். இரண்டு அணிகளும் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு நின்று, ஆறிப்போய், மறுபடி சூடாக்கிக்கொண்டார்கள். அதற்குள் சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். கிளம்ப வேண்டுமாம்.

நிர்வாகிகள் தலையோடு தலை முட்டிக் கலந்து பேசினார்கள். கோப்பையை விருந்தினர் கையால் கொடுக்காவிட்டால் விழா எதற்கு? ஆட்டம் முடியும்வரை அவர் இருக்க மாட்டார். ஆகவே முதலில் கோப்பை, பிறகு ஆட்டம்.

"யாருக்குக் குடுக்கிறது?" என்றார் விருந்தினர், நியாயமாகத்தான்.

தலைவர் இரண்டு தலைவிகளையும் ஏற இறங்கப் பார்த்தார். "இந்தக் குட்டைப் பொண்ணு. அந்த நெட்டை பக்கத்துல நின்னா போட்டோல நாம சின்னதாத் தெரிவோம்."

மருந்துக்கடையின் கையில் கோப்பையைத் திணித்தார்கள். அவள் திருப்பித் தர முயன்றாள். அந்தத் தள்ளுமுள்ளு, படத்தில் ஆனந்தப் பரவசமாகப் பதிந்தது. விருந்தினர் காரேறினார். நிர்வாகிகள் அவரை வழியனுப்பப் போனார்கள். ஏணியும் துணைக்குழுவும் கூடவே போய்விட்டன. விருந்தினருக்கு மரியாதையாக வாசலில் ஏணியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டுமாம். கூட்டமும் பின்னாலேயே கலைந்தது.

செயலாளர் மட்டும் திரும்பி வந்து அண்ணியின் காதோரம் குனிந்தார். "படம் பேப்பருக்குப் போயாச்சும்மா. பாத்து ஆடுங்க. சேதாரம் இல்லாம, மூணு நாலு பாயிண்டுல தோத்தா போதும்."

 அண்ணி வாய் திறப்பதற்குள் மருந்துக்கடை பாய்ந்துவிட்டாள். "இவங்க தோத்துக் குடுத்து நான் ஜெயிக்கணுமா? ஏன் சார், நான் என்ன உங்களை மாதிரியா, ஆடாமலே பேர் வாங்க?"

செயலாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, டீ குடிக்க வேண்டும் என்று எதையோ முணுமுணுத்து நழுவினார்.

அரங்கத்தில் இரண்டு அணிகளும், நடுவரும், போக மனமில்லாத பத்திருபது பேரும் மிஞ்சினார்கள். மேலே இரண்டு வலைகளும் அடி மூடித் தொங்கின. ஏணி இல்லை.

"அண்ணி, குனிங்க," என்றாள் நாத்தனார். முதலுதவிப் பெட்டியிலிருந்து கட்டுத்துணி வெட்டுகிற கத்தரிக்கோல் அவள் கையில் இருந்தது. அண்ணி குனிந்தாள். நாத்தனார் அவள் தோளில் ஏறிக்கொள்ள, மருந்துக்கடை ஓடிவந்து கால்களைப் பிடித்துக்கொண்டாள். நைலான் நூல் ஒவ்வொன்றாக அறுந்தது. "வலிக்குதா அண்ணி?" "நீ வெட்டுடி!" நடுவர் சுவரில் இருந்த எதையோ மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்து வலையையும் அறுத்தார்கள்.

அண்ணி நின்ற இடத்திலிருந்தே ஒரு பந்தைப் போட்டாள். பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே போனது. வலை சரக்கென்று விலகி வழி விட்டது. பந்து தரையில் விழுந்து எகிறியது. பருவம் முழுக்க அவர்கள் கேட்காத சத்தம்.  அப்புறம் மருந்துக்கடை, "இன்னொரு தடவை போடுங்க அண்ணி," என்றாள், சின்னப் பிள்ளை மாதிரி.

அதன் பிறகு நடந்ததுதான் ஆட்டம். மருந்துக்கடை பாம்பாக நெளிந்து புகுந்து புகுந்து போட்டாள். அண்ணி எம்பி எம்பித் தடுத்தாள். நாத்தனார் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, தனக்குத் தானே கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். கடைசி மூச்சில் அண்ணி கையிலிருந்து கிளம்பிய பந்து வளையத்தில் சுற்றிச் சுற்றி வந்து, யோசித்து, உள்ளே விழுந்தது. ஒரே பாயிண்டில் ஜெயித்தார்கள். மருந்துக்கடை அழுதாள்; அழுதுகொண்டே வந்து கோப்பையை அண்ணி கையில் கொடுத்தாள்.  வீட்டுக்குப் போய்க் கணவனிடம், "இன்னிக்கு ஆடினோம்," என்று மட்டும் சொன்னாள். 

பேப்பரில் மருந்துக்கடை கோப்பையோடு இருந்தாள். ஊருக்குள் அண்ணி ஜெயித்ததாகப் பேசிக்கொண்டார்கள். லீக் ஒழுங்குக் குழு கூடியது.

சானிட்டரி கடை மாடியில் நீளமான மேசை. இரண்டு தலைவிகளும் ஒரு பக்கம் நின்றார்கள். ஐந்து நிர்வாகிகள் மறுபக்கம் பிஸ்கட் சாப்பிட்டார்கள்.

"ஒரு படம்ங்கிறது ஒரு அமைப்போட மானம்," என்று தலைவர் ஆரம்பித்தார். "நாங்க பொய் சொல்லல. நாங்க முன்கூட்டியே உண்மையைச் சொன்னோம். அதைப் பொய்யாக்கினது நீங்க!"

"சார், நாங்க தோத்துட்டோம்," என்றாள் மருந்துக்கடை. "நான்தான் தோத்தேன். நானே சொல்றேனே."

"தோத்தேன்னு சொல்ல உனக்கு யாரும்மா அதிகாரம் குடுத்தது? அதை லீக் சொல்லணும். ஆடினவங்க எல்லாம் முடிவு சொல்ல ஆரம்பிச்சா நாங்க எதுக்கு இருக்கோம்?"

அண்ணி வாயைத் திறந்தாள். "அதைத்தான் சார் நானும் கேக்கலாம்னு..."

"வலையை வெட்டின விஷயம் வேற இருக்கு," என்று துணைக்குழுத் தலைவர் குரல் தழுதழுக்க இடைமறித்தார். "வெட்டினதால இனிமே ஏணிக்கு வேலை இல்லாமப் போயிடுமேன்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாத்தீங்களா? அந்த நாலு கோட்டையும் நான் அளவெடுத்துத் தெச்சது!"

தீர்ப்பு வந்தது. அனுமதியில்லாமல் ஜெயித்ததற்காக அண்ணியின் அணிக்குத் தடை. அனுமதியில்லாமல் தோற்றதற்காக மருந்துக்கடை அணிக்கும் தடை.

இரண்டு பேரும் டைல்ஸ் படிகளில் இறங்கி வந்து தெருவில் நின்றார்கள். அண்ணிக்கு அழுகை வரும் போலிருந்தது. மருந்துக்கடை முதலில் சிரித்துவிட்டாள். அப்புறம் இரண்டு பேரும், சானிட்டரி கடைக்காரப் பையன்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள்.

விஷயம் தெரிந்ததும் மற்றப் பெண்கள் அணிகளும் ஒவ்வொன்றாக லீக்கை விட்டு விலகின. டிப்போ மேனேஜரிடம் அண்ணி கெஞ்சிக் கேட்டு, பழுதான பஸ்களை நிறுத்துகிற மைதானத்தில் ஒரு பக்கத்தைச் சுத்தம் செய்தாள். அவள் கணவன் வேலைக்கு நடுவே வந்து இரண்டு கம்பம் நட்டு, வளையம் பற்றவைத்துக் கொடுத்தான். விடுமுறை நாட்களில் எல்லோரும் அங்கே வந்துவிடுவார்கள். கொக்குவும் அவன் கூட்டாளிகளும் ஆண்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்து இடம் கேட்டார்கள். "வரிசையில வாங்கடா," என்றாள் நாத்தனார்.

அடுத்த பருவத்தில் லீக்கின் பெண்கள் பிரிவு வழக்கம்போலத் தொடங்கியது. ஒரு பெண்ணும் வரவில்லை. செயலாளர் வெலவெலத்துப்போய்த் தலைவரிடம் ஓடினாராம். தலைவர் காலியாக இருந்த கோர்ட்டைப் பார்த்து, "எவ்வளவு அமைதியா இருக்கு பாருய்யா," என்றாராம். ரிப்பன் வெட்டினார்கள். பேசினார்கள். ஏணி உள்ளே வந்தது, நிமிர்ந்து நின்றது, வெளியே போனது. லீக் வரலாற்றிலேயே முதன்முறையாக எல்லா ஆட்டங்களும் நேரத்துக்கு முடிந்தன. இரண்டு அணிகளுக்குத் தடை போட்டது யாருக்கும் ஞாபகம் இல்லை. அதை ஞாபகம் வைத்துக்கொள்ள இன்னும் குழு அமைக்கப்படவில்லை.

ஒரு காலைநேரம் டிப்போ மைதானத்துக்குள் லீக்கின் கார் வந்தது. செயலாளர் இறங்கினார். பின்னால் ஒரு போட்டோகிராஃபர். செயலாளர் கையில் சின்னக் கோப்பை ஒன்று. ஆட்டம் நின்றது.

"பரிசளிப்புக்கு நீ வரலையேம்மா. தலைவருக்கு ரொம்ப வருத்தம். இருந்தாலும் நேர்ல குடுத்துட்டு வரச் சொன்னாரு. இந்த வருஷம் உங்க டீமுக்கு ரெண்டாவது இடம்."

அண்ணி வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். "நாங்க ஆடவே இல்லையே சார்."

"அதனாலதான் உங்க மேல ஒரு புகாரும் வரல. இப்படியே இருங்க, அடுத்த வருஷம் முதலிடம்கூட வரலாம்."

"யாருகிட்ட தோத்தாங்களாம்?" என்றாள் மருந்துக்கடை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"உன்கிட்டதாம்மா," என்றார் செயலாளர். "வாழ்த்துகள். உன்னுது வண்டியில இருக்கு, எடுத்துட்டு வரச் சொல்றேன்."

நாத்தனார் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பந்து நழுவியது. அது உருண்டுபோய்ச் செயலாளரின் பாலீஷ் போட்ட ஷூவில் முட்டி நின்றது.

"சார், அந்தப் பந்தைக் கொஞ்சம் இப்படிப் போடுங்க," என்றாள் அண்ணி.

செயலாளர் குனிந்து அதைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"பந்து சம்பந்தப்பட்டதெல்லாம் எனக்கு வராதும்மா," என்றார். "நான் லீக்கை மட்டும்தான் பாத்துக்கறேன்."